சீனாவுக்குப் போன சாய்ந்தமருது வாள்

"வாள். சீனா. இலங்கையின் கீழ்க்கரையில் ஓர் இராணுவ அதிகாரியால் கைப்பற்றப்பட்டது."

இங்கிலாந்தில் ஒரு நூதனசாலையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அட்டை வாசகம் இது. 1955இல் என் நண்பன் சம்சுதீன் பிரதி செய்து அனுப்பியது. போன வாரம் அலுமாரியை ஒதுக்கும்போது கையில் அகப்பட்டது... பிறகு எங்கே ஒதுக்குவது?

அந்தக் கீழ்க்கரையில், சாய்ந்தமருதில், எங்கள் அடுத்த வீட்டுச் சுபைதா லாத்தாவிடம் — லாத்தா என்றால் அக்கா — ஒரு வாளுறை இருந்தது. உறை மட்டும். அவருடைய தாய்வழிக் குடியில் முன்னொரு காலத்தில் ஒரு சீனடி அண்ணாவியார் — கம்பும் வாளும் வீசும் நம் பக்கத்து விளையாட்டைக் கற்றுக்கொடுத்தவர். அவருடைய வாளை வெள்ளைக்காரப் படை பறித்துப் போய்விட்டதாம். அன்றிலிருந்து அந்தக் குடியில் கலியாணம் என்றால், மாப்பிள்ளையை எதிர்கொள்ளப் போகும் சீனடிக்காரர்கள் வெற்று உறையை ஏந்திப் போவார்கள்.

ஊர் சும்மா விடுமா? "உறை வருது, வாள் எங்க மச்சான்?" — ஒவ்வொரு கலியாணத்திலும் இதே கேள்வி.

அந்த வருடம் லாத்தாவின் மகளுக்குச் சம்மாந்துறையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா பட்டும் படாமலும் சொன்னார்: "அந்த வெறும் உறைய இந்தமுறை விடுங்களன். எங்கட ஆக்கள் சிரிப்பாங்க."

லாத்தாவின் முகம் சுருங்கிவிட்டது. "நாங்க பொய்க் கதை கட்டுற குடியெண்டு நினைக்காரு போல, தம்பி."

அதனால்தான் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த சம்சுதீனுக்கு எழுதினேன். அவன் விடுமுறை நாளெல்லாம் நூதனசாலையின் இலங்கைப் பிரிவையே சுற்றிச் சுற்றி வந்தான். கிடைக்கவில்லை. ஒருநாள் சும்மா சீனப் பிரிவுக்குள் நுழைந்தான். அங்கே இருந்தது.

எப்படி? 'இது என்ன?' என்று அதிகாரி கேட்டிருப்பார். 'சீனடி வாள்' என்று பதில் வந்திருக்கும். காதில் பாதிதான் விழுந்தது. இது சம்சுதீனின் ஊகம்.

அவன் கடிதத்தை லாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப நாங்க இவ்வளவு காலமும் சீனக்காரரா தம்பி?" லாத்தா வெகுநாளைக்குப் பின் சிரித்தார். பிறகு உறையைத் தாளில் வைத்து, விளிம்பு வரைந்து தந்தார். வாளோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பித் தரும்படி கேட்டு, சம்சுதீன் வழியாக அனுப்பினேன்.

நூதனசாலை என்ன சொன்னது? இலங்கைக்காரரின் கோரிக்கையைச் சீனப் பிரிவு ஏற்காதாம். பெட்டியைத் திறக்கவேயில்லை. சம்சுதீன் கண்ணாடிமேல் நூல் பிடித்து அளந்து, "ஏறத்தாழச் சரி" என்று எழுதினான்.

ஒரு பொருளைப் பறிக்கத் துப்பாக்கி தேவைப்படுகிறது. திருப்பித் தராமலிருக்க ஓர் அட்டை போதும்.

செய்தியைச் சம்மாந்துறைக்கும் சொல்லியனுப்பினோம். பதில் வரவில்லை. கலியாணத்தன்று லாத்தா தன் கையாலேயே உறையை எடுத்துச் சீனடிக்காரரிடம் கொடுத்தார். வாசலில் மாப்பிள்ளைக் கூட்டத்துக்குள்ளிருந்து வழக்கமான குரல்: "வாள் எங்க மச்சான்?"

பதில் சொன்னது யார் தெரியுமா? மாப்பிள்ளையின் வாப்பா.

"லண்டன்ல கிடக்கு. பேர மாத்தி வெச்சிரிக்கான் கள்ளன்."

உள்ளே பெண்கள் குரவையிட்டார்கள். லாத்தாவின் குரல்தான் ஓங்கி நின்றது.

அந்த வாள் அந்த உறைக்குள் போகுமா? இன்றுவரை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. ஆகவே, இது உறுதிசெய்யப்படாத தகவல் — சம்மாந்துறைச் சம்பந்தியிடம் மட்டும் நான் அப்படிச் சொல்லவில்லை.