மாப்பிள்ளைமாரின் நிரந்தர விலாசம்

கல்முனையில் நான் வேலை பார்த்த விவசாயிகள் சங்கத்துக்குப் புதிய மென்பொருள் வந்த வாரத்தில்தான் என் கணவர் கோபித்துக்கொண்டு நிந்தவூரிலுள்ள தன் உம்மா வீட்டுக்குப் போனார். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. சங்கத்தில் ஒரேயொரு கணனி. அதைத் தொடுவதற்கு அனுமதி பெற்றவள் நான் ஒருத்திதான். அங்கத்தவர்களின் பெயர், வயல், விலாசம் எல்லாவற்றையும் பழைய மென்பொருளில் விரல் தேயத் தட்டி ஏற்றியவளும் நானே. அதனால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

சண்டைக்குக் காரணம் ஒரு தண்ணீர்ப் பம்பு. மாவடிப்பள்ளி வயலில் பழுதாகிப்போன பம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, புதிதாகச் சீமெந்து பூசிய முன்மண்டபத்தில் கழற்றிப் பரப்பியிருந்தார். தரையெல்லாம் எண்ணெய். வேலை முடிந்து களைத்து வந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இது என்ட ஊடு. கராஜ் இல்ல” என்றேன்.

அவர் பம்பைச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கெரியரில் கட்டிக்கொண்டு போய்விட்டார். கறையைப் பற்றி நான் கத்தியது நியாயம்தான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் ‘என்ட ஊடு’ என்று வீட்டை என்னுடையதாக்கிச் சொன்னது வேறு. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் பெண்ணின் பெயரிலேயே இருக்கும். அப்படி வந்திருப்பவரிடம் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை.

மறுநாள் கொழும்பிலிருந்து மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் பிளொப்பி டிஸ்குகளோடு வந்து, பழைய தரவுகளைப் புதியதற்கு மாற்றினார். பழையதில் முதலாம் விலாசம், இரண்டாம் விலாசம் என்று இரண்டு நிரல்கள். அங்கத்தவராகச் சேர்ந்தபோது இருந்த வீடு முதலாவதில், பிறகு மாறிப்போன இடமோ வேறு தங்குமிடமோ இரண்டாவதில். புதியதிலோ ‘நிரந்தரம்’, ‘தற்காலிகம்’ என்று இரண்டு பெட்டிகள். மனிதர் முதலாவதை நிரந்தரத்திலும் இரண்டாவதைத் தற்காலிகத்திலும் போட்டுவிட்டு, தேநீரையும் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

அந்த வாரம் விதைநெல் வாங்க வரச்சொல்லி எல்லாருக்கும் தபாலட்டை போட்டோம். கணனி நிரந்தர விலாசத்தை அச்சடித்துத் தள்ளியது. கல்யாணத்துக்கு முன்பே சங்கத்தில் சேர்ந்திருந்த ஊர் மருமகன்மார் அத்தனை பேரின் அட்டைகளும் அவரவர் உம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. எங்கள் ஊரில் மாப்பிள்ளை உம்மா வீட்டில் குடியிருக்கிறார் என்றால் கல்யாணம் முறிந்துவிட்டது என்றுதான் பேச்சு வரும்.

அடுத்த நாட்களில் சங்கத்துக்குள் கால்வைக்க இடமில்லை. வயதான ஒருவர் கவுண்டரில் தட்டிக் கேட்டார்: “மகள், என்ட மருமகன் ஊட்ட உட்டுப் போனது எனக்கே தெரியா. உங்கட கொம்பியூட்டருக்கு ஆரு சொன்ன?”

“இப்ப அவர் எங்க மாமா?”

“ஊட்டதான் இரிக்காரு. சோறு தின்னுறாரு.”

எங்கள் முகாமையாளர் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். ஆண்பிள்ளைக்குப் பெண்சாதி வீடு தற்காலிகம்தானே என்று கண்ணாடிக்காரர் கேட்டாராம். கால் நூற்றாண்டாகப் பெண்சாதி வீட்டில் இருக்கும் எங்கள் முகாமையாளர் ரிசீவரை வைத்துவிட்டார்.

இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்து மாற்றிப் பார்த்தேன். திரையில் கல்யாணமாகாத பொடியன்மாரெல்லாம் வயல் வாடிக்குக் குடிபோய்விட்டார்கள். காவலுக்குப் படுக்கும் அந்தக் குடிசையைத்தான் அவர்கள் இரண்டாம் விலாசமாகத் தந்திருந்தார்கள். பழையபடி மாற்றிவைத்தேன். ஒவ்வொருவரும் நேரில் வந்து விலாசத்தை வாயால் சொல்ல வேண்டும் என்று முடிவானது.

என் கணவரின் அட்டையும் நிந்தவூருக்குத்தான் போயிருந்தது. ஊர் மருமகன்மாரில் அவர் ஒருவருக்கு மட்டும் கணனி உண்மையைச் சொல்லியிருந்தது. ஆனால் மாமி அதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டார் என்று சேதி வந்தது. மகன் இனிமேல் வரத் தேவையில்லை என்று நான்தான் விலாசத்தை மாற்றி அனுப்பினேனாம்.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அவரும் அதை நம்பிவிட்டால்? போய்க் கூப்பிட ரோசம் விடவில்லை. திரையில் அவருடைய விலாசத்தைத் திருத்த ஒரு நிமிடம் போதும், அதற்கும் கை போகவில்லை. மற்ற எல்லாரிடமும் கேட்டுத்தானே திருத்துகிறேன், அவரும் வந்து சொல்லட்டும் என்று இருந்தேன். ஆனால் வாசலில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் தலை தானாக நிமிர்ந்தது.

விலாசம் சொல்லக் குறித்திருந்த கடைசி நாளில் அவர் வந்தார். வரிசையில் நின்று, முறை வந்ததும் அட்டையைக் கவுண்டரில் வைத்தார்.

“இது உம்மாட ஊட்டுக்கு வந்திச்சி. நீங்கதான் அனுப்பின எண்டு கதைக்காங்க.”

“ஊருக்கே அப்படித்தான் போயிரிக்கி. பின்னால நிக்கிறவரக் கேளுங்க.”

பின்னால் நின்றவர் தலையை நீட்டினார். “ஓம் தம்பி. என்னையும் உம்மாட்ட அனுப்பிட்டிச்சி. உம்மா மௌத்தாகி அடக்கியே பத்து வருசம்.”

வரிசை முழுதும் சிரித்தது. என் கணவருக்கும் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டார்.

“நிரந்தர விலாசம் சொல்லுங்க” என்றேன்.

“அத ஊட்டுக்காரிதான் சொல்லணும்.”

எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். வெட்கம் பார்க்க நேரமில்லை. எங்கள் வீதியின் பெயரைத் தட்டி, உரக்க வாசித்தேன். “இது நம்மட ஊடு. சரியா?”

“ஓம்.”

“தற்காலிகம்?”

“ஒண்டுமில்ல” என்றார்.

“பம்பையும் கொண்டு வாங்க” என்றேன். அடுத்தவர் முன்னால் வந்துவிட்டார்.

மாலையில் சைக்கிள் கெரியரில் பம்பு திரும்பி வந்தது. அதை எங்கே இறக்குவது என்று தெரியாமல் அவர் வாசலிலேயே நின்றார். நான் ஒரு பழைய பாயைக் கொண்டுவந்து மண்டபத்தில் விரித்தேன்.