ஆறு மணி அஸ்தமனம்

புனேயில் கடைக்காரர் எதிரிலேயே தமிழில் குறை பேசிப் பழகியவர்கள் நாங்கள். டிசம்பரில் அந்தமான் போவதற்கு, விஷ்ராந்த்வாடி வீட்டிலேயே நோட்டுப் போட்டுத் திட்டம் எழுதினேன். முதல் நாள்: ஆறு மணிக்குக் கடற்கரையில் சூரிய அஸ்தமனம்.

போர்ட் பிளேரில் ஜீப் டிரைவர் இந்தியில், "ஆறு மணிக்கு இருட்டிடும், நாலரைக்கே போயிடலாம்" என்றார். நான் கணவரிடம் தமிழில், "நம்பாதீங்க. சீக்கிரம் வீட்டுக்குப் போறதுக்குப் பொய் சொல்றார்" என்றேன்.

வண்டி நின்றது. "அக்கா, நானும் தமிழ்தான், ராமநாதபுரம் பக்கம். ஆறு மணிக்கே கூட்டிட்டுப் போறேன். டார்ச் இருக்கா?" என்றார் தமிழில்.

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். நாலரைக்கே போனோம். ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் கடலில் இறங்கிவிட்டது.

இப்போதெல்லாம் உள்ளூர்க்காரரைக் கேட்டுத்தான் திட்டம் போடுகிறேன். புனே ஆட்டோவில்கூட, குறை பேசுமுன், "உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்று தமிழிலேயே டிரைவரைக் கேட்டுவிடுகிறேன்.