பையா சொன்ன கல்

எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு டைல்ஸ் பதிக்க மேஸ்திரி ஓர் ஆளைக் கொண்டுவந்து விட்டார். பீகார்க்காரர். இருபத்தைந்து வயதிருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஹிந்தி தெரியாது. "பையான்னு கூப்பிடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி போய்விட்டார்.

மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு, மீசை வைத்த ஒருவரைப் பையா என்று கூப்பிடக் கசக்குமா? மரியாதை இல்லையென்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அவர் ஊரில் அதற்கு அண்ணன் என்று அர்த்தம் எனப் பிறகு தெரிந்தது. வாங்கிய அடி வாங்கியதுதான்.

இரண்டே நாளில் நாங்கள் சிநேகிதமாகிவிட்டோம். நான் டம்ளரைக் காட்டிப் "பால்" என்பேன். அவர் தன் தலைமுடியைப் பிடித்துக் காட்டுவார். அவர் மொழியில் அதுதான் பாலாம். ஒரே சொல்லுக்கு இரண்டு பேரிடம் இரண்டு பொருள் இருப்பது எனக்கு வித்தையாகத் தெரிந்தது.

நான்காம் நாள் சாயங்காலம், பாலக்கரைக் கடையிலிருந்து அப்பா வீடு திரும்பியபோது பையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார்.

"என்னப்பா செய்யுது?"

"கல் ஸே... கல் ஸே..."

அப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது. "கல்லுதான். எங்க கடையில ஒருத்தருக்கு இதே மாதிரிதான் வந்துச்சு. வாழைத்தண்டுச் சாறு குடுத்தா கரைஞ்சிடும்."

அம்மா அவசரமாகத் தண்டை நறுக்கி இடித்துப் பிழிந்தாள். பையா மறுக்காமல் குடித்தார். குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தார். "கல்லு நகருது" என்றார் அப்பா, தைரியமாக. இரண்டாவது டம்ளர் தயாரானது.

அப்போதுதான் சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. எங்களோடு தங்கி, புத்தூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பையைக்கூடக் கழற்றாமல் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு விரலால் சின்னதாக ஒரு கல்லின் அளவைக் காட்டி, "கல்லா?" என்று கேட்டாள்.

பையா விழித்தார். தலையை இடமும் வலமும் ஆட்டினார். சுவரில் மாட்டியிருந்த தேதி கிழிக்கும் காலண்டரைக் காட்டி, கையைத் தோளுக்குப் பின்னால் வீசி, மறுபடி "கல்" என்றார். அடிவயிற்றின் வலது பக்கத்தைத் தொட்டார்.

சித்தி எழுந்துவிட்டாள். "அத்தான், இவர் கல்லைச் சொல்லலை. நேத்துலேர்ந்து வலிக்குதுன்னு சொல்றாரு. ஆட்டோ கூப்பிடுங்க."

"உனக்கு எப்பலேர்ந்து ஹிந்தி தெரியும்?"

"தெரியாது. அதனாலதான் அவர் கையப் பாத்தேன்."

புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது. குடல்வால் வீங்கியிருந்ததாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்றார் டாக்டர். ஒரு வாரம், வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் சித்தி அவருக்குக் கஞ்சி கொண்டுபோனாள். அப்பா கடையில் இந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னார், வாழைத்தண்டை மட்டும் விட்டுவிட்டு. எனக்கோ சித்தியைவிடப் பெரிய ஆள் ஊரில் இல்லை. கல் என்றால் நேற்று என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்தேன்.

உடம்பு தேறியதும் பையா விடைபெற வந்தார். சித்தி வேலைக்குப் போயிருந்தாள். அம்மாவைக் கும்பிட்டார். என் கன்னத்தைத் தட்டினார். சித்தியின் செருப்பு கிடக்கும் இடத்தைக் காட்டி, பிறகு என்னைக் காட்டி, நிதானமாகச் சொன்னார்:

"கல் ஸ்டேஷன் ஆனா."

மீதியைச் சொல்வார் என்று காத்திருந்தேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

சித்தி வந்ததும் மொழிபெயர்த்தேன். "நேத்து ஸ்டேஷனுக்குப் போனாராம், ஆனா..."

"ஆனா?"

"அதுக்கு மேல சொல்லலை, சித்தி."

"பாவம், ரயிலை விட்டுட்டாரோ என்னவோ" என்று சித்தி கொஞ்ச நேரம் வருத்தப்பட்டாள்.

பல வருஷம் கழித்து, வேலைக்காக நாக்பூரில் தங்கியிருந்தபோது, ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அறைத்தோழி என்னிடம் அதே மூன்று சொற்களைச் சொன்னாள். ஹிந்தியில் நேற்றும் கல்தான், நாளையும் கல்தான். ஆனா என்றால் வா. பையாவின் வாக்கியம் பாதியில் நிற்கவில்லை. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாருங்கள் என்று எங்கள் இருவரையும் அவர் கூப்பிட்டிருந்தார்.