பலகை மேடை

மதுரையில் பாட்டுக் கச்சேரிக் குழுக்களுக்குப் பஞ்சமில்லாத எழுபத்தெட்டாம் வருஷம், ஐந்து குழுக்களிலிருந்து குழுவுக்கொரு கொம்பனைப் பிரித்தெடுத்து ‘ராயல் ஃபைவ்’ என்று ஒன்றை ஆரம்பித்தார் சவரியப்பன். அவர் லீட் கிதார். டிரம்ஸுக்கு நல்லகாமன். பேஸ் கிதாருக்கு, சர்ச் பாடகர் குழுவில் விரல் பழகிய இன்பசேகரன்.

கொம்பன்கள் ஒன்றுகூடினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. ஆளுக்கொரு ஆம்ப்ளிஃபயர் பெட்டி; டிரம்ஸுக்குக்கூட மைக் வைத்து ஒன்று. ஒருவரும் சத்தத்தைக் குறைக்கமாட்டார்கள்.

“பொட்டியக் கொஞ்சம் கொறை மாப்ள” என்பார் சவரியப்பன்.

“மொதல்ல நீங்க கொறைங்கண்ணே” என்பான் நல்லகாமன்.

இப்படியே முறுக்கி முறுக்கி, கப்பலூரில் வாசித்தால் திருமங்கலத்தில் கேட்கும் என்று பேர் வாங்கிவிட்டார்கள். அடிவயிற்றை உலுக்கும் அந்தச் சத்தத்துக்குத்தான் சனம் அலைமோதியது.

எல்லாப் பெட்டிகளுக்கும் நடுவில் நின்றவன் இன்பசேகரன். சில வருஷங்களில் அவன் காது சுத்தமாகப் போயிற்று. மனைவி பாக்கியமேரிக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் அன்றைக்கே வேறு ஆள் வந்துவிடுவான். அந்த மேடையை விட்டால் அவனுக்கு வேறு உலகமே கிடையாது.

மேடையில் செருப்பில்லாமல் நிற்பது எல்லாருக்கும் வழக்கம். காலி தார் டிரம்களின் மேல் பலகை போட்ட மேடை. நல்லகாமன் டிரம்ஸ் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு அடியும் பலகை வழியாக உள்ளங்காலுக்கு வந்துவிடும். காதுக்குப் பதில் காலை வைத்தே காலத்தை ஓட்டினான், பாவி மனுஷன்.

திருநகரில் ஒரு கல்யாண வரவேற்பு. மண்டபத்து மேடை சிமெண்ட். நல்லகாமனின் அடி எதுவும் உள்ளங்காலுக்கு வரவில்லை. முதல் பாட்டு முடிந்த பிறகும் அவன் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தான். சனம் சிரித்தது. நல்லகாமன் குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கியிருப்பதைப் பார்த்தபிறகுதான் நிறுத்தினான்.

சவரியப்பனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. திட்டவில்லை, மேடையைவிட்டு இறக்கவும் இல்லை. இன்பசேகரனுக்குப் பின்னால் போய்க் குனிந்து, அவன் பெட்டியில் செருகியிருந்த வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தார்.

அடுத்த பாட்டிலிருந்து நல்லகாமனின் கையைவிட்டு இன்பசேகரன் கண்ணை எடுக்கவில்லை. கம்பியின் அதிர்வு விரலில் தெரிந்தது. வேர்த்துக் கொட்டக் கொட்டக் கடைசிவரை வாசித்தான். முன்வரிசையில் இருந்த பாக்கியமேரிக்கு, தரையில் கிடந்த வயர் நன்றாகத் தெரிந்தது. எழுந்து போய்ச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

ஆட்கள் பெட்டிகளை வேனில் ஏற்றினார்கள். இன்பசேகரன் கிதாரை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாப்பில் வைத்து அவளைக் கேட்டான்.

“மொதப் பாட்டுலதான் சறுக்கிருச்சு. அதுக்கப்புறம் ஒரு தப்பு விழுகல, பாத்தியா மேரி?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.