தார் பூசிய பிக்கப்

கிண்ணியா ஸெய்னுதீன் சரியான கோபக்காரன் என்று ஊரில் ஒரு கதை உண்டு. சும்மா கதை! மனுஷருக்குக் கோபத்தை விடப் பிடிவாதம்தான் கூட. வெள்ளைக்காரர் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் லொறி ஓட்டிப் பழகியவர். வெள்ளைக்காரர் கப்பலேறிப் போன பிறகு, டவுனிலிருந்த மீன் முதலாளி குணரத்தினத்தின் பழைய பிக்கப்தான் அவருக்குச் சோறு போட்டது. அதை விட்டால் ஓட்டுவதற்கு வேறு வண்டி எங்கே கிடக்கிறது?

மீன் ஏற்றினால் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் பலகை இடுக்கால் அடிப்பக்கம் முழுக்க ஒழுகும். மீனை இறக்கியதும் வண்டியைக் கரையோரம் நிறுத்தி, கடல் தண்ணீரையே வாளி வாளியாக அள்ளி ஊற்றிக் கழுவுவார்கள். தோணியை அப்படித்தானே கழுவுகிறார்கள்! துருப் பிடிக்கத் தொடங்கியதும் முதலாளிக்கு ஒரு பெரிய யோசனை வந்தது. தோணிக்குத் தார் பூசுகிறவனைக் கூப்பிட்டு, வண்டியின் அடியெல்லாம் தார் பூசுவித்தார். பார்க்க என்ன வடிவு! உள்ளே சிக்கிய உப்பு ஈரம் இரும்பைத் தின்றதை யார் கண்டது?

எழுபத்தைந்தாம் ஆண்டளவில் பிறேக் மிதி இறங்கத் தொடங்கியது.

“முதலாளி, பைப்புல எங்கயோ கசியுது,” என்றார் ஸெய்னுதீன்.

“மாத்திப் போடச் சாமான் எங்க கிடக்கு? ஒயிலை ஊத்தி ஓட்டு!”

ஊற்றி ஊற்றி மெதுவாக ஓட்டினார். மீன்தானே என்று பொறுத்தார். ஆனால் ஒருநாள் காலை, சம்பூரில் கலியாணம் என்று முதலாளி தன் அக்கா பாக்கியரத்தினத்தையும் சொந்தக்காரப் பெண்களையும் பின்னால் ஏற்றி, தானும் முன்னுக்கு ஏறிவிட்டார்.

சீனக்குடா தாண்டியதும் மிதி ஒருதரம் அடிமட்டும் போய்வந்தது. ஸெய்னுதீன் வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினார். கிண்ணியாத் துறையில், வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிப்போகும் ‘பாதை’ என்கிற மிதவை இன்னும் வந்து சேரவில்லை. தண்ணீருக்குப் போகும் இறக்கத்தின் உச்சியிலேயே கைப் பிறேக்கை இழுத்து, எஞ்சினை நிறுத்தித் திறப்பைக் கழற்றினார்.

“எல்லாரையும் இறக்குங்கோ. இந்த இறக்கத்துல இவங்கள வைச்சுக்கொண்டு நான் ஓட்டமாட்டன்.”

“தாலி கட்டுற நேரம் போகுது! ஏலாதெண்டா திறப்பைத் தா. நாளைக்கு வேலைக்கும் வராத!”

ஸெய்னுதீனுக்கு வீட்டு ஞாபகம் வந்தது. மனைவி நபீஸாவுக்கு என்ன பதில் சொல்வது? ஆனாலும் திறப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“வேலை போகட்டும். ஆக்கள் இறங்கினாத்தான் திறப்பு.”

முதலில் குதித்தது பாக்கியரத்தினம். “கலியாணத்துக்கு உடுத்த சீலையோட கடலுக்குள்ள போக என்னால ஏலாது தம்பி. எல்லாரும் இறங்குங்கோடி!”

பெண்கள் இறங்கினார்கள். ஸெய்னுதீன் திறப்பை நீட்டினார். முதலாளி வீறாப்பாக ஏறிக் கைப் பிறேக்கை விட்டார். வண்டி இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது. தொபுக்கென்று முன்பக்கம் முழுக்கத் தண்ணீருக்குள். யன்னலால் தொப்பலாக வெளியே வந்த மனுஷர் என்ன சொன்னார் தெரியுமா?

“பிறேக்கில நீதான் ஏதோ செய்துபோட்டாய்! பொலிசுக்குப் போறன்!”

அட பாவி! ஸெய்னுதீனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆட்கள் கயிறு கட்டி வண்டியைக் கரைக்கு இழுத்தார்கள். ஸெய்னுதீன் யாரிடமோ மீன் வெட்டுகிற கத்தியை வாங்கி முதலாளியிடம் நீட்டினார்.

“நான் சுரண்டினா நான் முறிச்சதெண்டுவீங்க. நீங்களே கீழ படுத்து, தாரைச் சுரண்டிப் பாருங்கோ.”

“நானா? இந்தச் சேத்திலயா?”

“ஓம், நீங்கதான். நான் நாள்தோறும் படுக்கிற இடம்தானே.”

துறையே பார்த்துக்கொண்டு நின்றது. “படு தம்பி,” என்றார் பாக்கியரத்தினம். பட்டு வேட்டியோடு முதலாளி சேற்றில் மல்லாந்து படுத்து உள்ளே போனார். கத்தி பட்டதும் தார் தோலாக உரிந்தது. அதோடு பிறேக் பைப்பும் ஊறின பிஸ்கட்டாகப் பிய்ந்து அவர் முகத்திலேயே விழுந்தது. கன்னத்தில் துருவும் தாருமாக வெளியே வந்தவருக்கு அக்காவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“நாளைக்கு வேலைக்கு வா, ஸெய்னுதீன்,” என்றார் கடைசியில்.

ஸெய்னுதீன் வண்டிக்குள் கையை விட்டு, ஈரத் திறப்பை எடுத்துச் சாரன் மடிப்பில் செருகிக்கொண்டார்.

“புதுப் பைப் போட்டாப் பிறகு ஆளனுப்புங்கோ. திறப்போட வாறன்.”

அதற்குள் பாதை வந்துவிட்டது. திரும்பிப் பார்க்காமல் ஏறி அக்கரையிலிருந்த வீட்டுக்குப் போனார். திறப்பைத் தா என்று முதலாளி கேட்கவில்லை.