நாலாம் மேஜையின் கசிவு

எங்கள் தொழிற்சாலையில் அவளுக்கு ஒயர்க்காரி என்று பெயர் வைத்ததே நான்தான். நாங்களெல்லாம் வரிவரியாக நிரல் எழுதுவோம். அவள் திரையில் பெட்டிகளை வைத்துப் பெட்டிக்குப் பெட்டி ஒயர் மாதிரி கோடு இழுப்பாள். அந்தப் படமேதான் நிரல். கெட்டிக்காரி, ஆனால் வாய் நீளம். தன் நிரலை யாராவது குறை சொன்னால் கடித்துக் குதறிவிடுவாள்.

எரிவாயு வால்வுகள் கசிகின்றனவா என்று சோதிக்கும் நிரல் அவளுடையது. முன்பெல்லாம் ஒரு சோதனை மேஜை முடிந்துதான் அடுத்த மேஜை. அவள் கசிவைக் கண்டுபிடிக்கும் பெட்டியை நான்கு இடத்தில் வைத்து, நான்கு மேஜையும் ஒரே நேரத்தில் ஓடும்படி செய்தாள். மேலாளர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவளுடைய அக்கா கணவருக்கு அன்றே கெட்ட காலம் பிறந்தது. இங்கே சின்ன வால்வு பொருத்துகிறவர் அவர் ஒருவர்தான். அவருக்கு நாலாம் மேஜை, மற்ற மூன்றிலும் பெரிய வால்வுகள். அவர் கொண்டுவந்து மாட்டுவதெல்லாம் கசிவு என்று சிவப்பு விளக்கு எரிந்தது. எப்போதாவதுதான் பச்சை. ஆளுக்கு வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று பேச்சுக் கிளம்பியது.

ஒருநாள் வேலை முடிந்து வாசலுக்கு வந்தோம். அவரை அழைத்துப்போக வந்த அக்கா இவளைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை வருசமா நடுங்காத கை, உன் மிஷினுக்கு மட்டும் எப்படிடி நடுங்கும்?"

"மிஷினுக்கு அத்தான் யாரு, அடுத்தவன் யாருன்னு தெரியாதுக்கா. அது பொய் சொல்லாது."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கே சுருக்கென்றது. அத்தான் முன்னால் நடந்துவிட்டார்.

அவரை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்த அன்று அவள் சோற்றைப் பாதியில் மூடி வைத்தாள். சாப்பாட்டு நேரத்திலேயே எழுந்து போய், அவருடைய வால்வுகளில் கழிக்கப்பட்ட ஒன்றை எடுத்து மாட்டினாள். பச்சை எரிந்தது. மற்ற மூன்று மேஜைகளும் சும்மா கிடந்தன. ஆட்கள் திரும்பி வந்து அவற்றை ஓட்டியதும் அதே வால்வுக்குச் சிவப்பு.

"பெட்டி நாலு வச்சேன், ஆனா நாலுக்கும் ஞாபகம் ஒண்ணுதான்," என்றாள் என்னிடம். "தனித்தனி ஞாபகம் வேணும்னு ஒரு இடத்துல டிக் அடிக்கணும். நான் அடிக்கல."

கசிவுப் பெட்டி முன்பு பார்த்த அழுத்தத்தையும் இப்போதைய அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பெரிய வால்வுகளுக்கு அழுத்தம் அதிகம். பக்கத்து மேஜை விட்டுப்போன பெரிய எண்ணை வைத்துக்கொண்டு, அவருடைய சின்ன வால்வில் அழுத்தம் இறங்கிவிட்டது என்று அது சாதித்திருக்கிறது. பாவி மகள், ஒரு டிக்கில் ஒரு மனுசனைக் கவிழ்த்துவிட்டாள்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், அவள் மூடி மறைக்கவில்லை. நேரே மேலாளரிடம் போய்த் தன் தவறு என்றாள். கசிகிற பெரிய வால்வுகூடப் பச்சை வாங்கிப் போயிருக்கலாம், அவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும் என்றாள். அவர் காய்ச்சி எடுத்தார். வாயே திறக்காமல் வாங்கிக்கொண்டாள்.

அத்தான் உடை மாற்றும் அறையில் தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"அத்தான், உங்க வால்வு எல்லாமே நல்லாருக்கு. தப்பு என்னோடது. நீங்க போக வேண்டாம், மேனேஜரே சொல்லிட்டாரு."

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

"பரவால்லம்மா," என்றார். "ஆனா இப்ப நெஜமாவே நடுங்குது, பாரு."

கையை நீட்டினார். நடுங்கியது.