கதவோரத்து ஈரம்

இது நடந்தது. சுபியா பொய் பேசுகிறவள் இல்லை. அந்த ஊர்ப் பக்கமே இன்றைக்கும் அவள் போவதில்லை.

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு நூல் கிடங்கு. ஈரம் கூடினால் நூல் பூஞ்சை பிடித்துவிடும். அதை அளக்கத்தான் ஆராய்ச்சி மாணவியான சுபியா கிராஃபீன் சென்சாரோடு வந்திருந்தாள். பென்சில் கரியின் இனம். கண்ணுக்கே தெரியாத படலம். கிட்டே நின்று மூச்சு விட்டால் லேப்டாப் திரையில் கோடு ஏறும். மூச்சை இழுத்தால் இறங்கும். எந்தக் குளிரில் அந்த ஈரம் பனித்துளியாகும் என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

ஊரில் அவளுக்குத் தெரிந்தவர் யாருமில்லை. லாட்ஜ், கிடங்கு, மறுபடி லாட்ஜ். அன்று ஞாயிறு. கிடங்குக்கு விடுமுறை, சாவி அவளிடம். மதியம்வரை யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. வெளியே மழை.

சென்சாரைக் கதவோரம் வைத்து, லேப்டாப்பைப் பிளக்கில் செருகிவிட்டு, எட்ட இருந்த மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

கோடு ஏறியது. இறங்கியது. ஏறியது...

ஒரே சீராக.

மழைக்காற்றோ என்று எழுந்து கதவைச் சாத்தினாள். நிற்கவில்லை. தன் மூச்சோ? துப்பட்டாவால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள்.

ஏறியது. இறங்கியது.

"யாருங்க?"

கோடு சட்டென்று நின்றது.

யாரோ மூச்சை அடக்கிக்கொண்டதைப் போல... ஒரு கணம், துணைக்கு ஆள் இருக்கிறதென்று அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

பிறகு விறுவிறுவென்று ஏறியது.

கதவின் உட்புற இரும்புத் தகட்டில், வாயளவு வட்டமாக ஆவி படிந்தது.

மறைந்தது.

மறுபடி படிந்தது...

சுபியா கதவைத் திறந்து வெளியே பாய்ந்தாள். இழுத்துப் பூட்டினாள். ஓடினாள்.

மறுநாள் காலை, கிடங்கு பெருக்கும் எல்லம்மாள் அவள் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"இன்னாமா, நீயும் பாத்துட்டியா?"

"இன்னாக்கா அது?"

"கனிமொழினு ஒரு பொண்ணு, இங்க வேல செஞ்சினு இருந்துச்சி. ஆடிக்கிருத்திகைக்கு லீவு வுட்டாங்க. அது மூட்டைக்குப் பின்னால தூங்கினு இருந்தத பாக்காம பூட்டினு போய்ட்டாங்க. காத்தே போவாத கெடங்கு. தட்டினது காவடி மோளத்துல யாருக்கும் கேக்கல. தேடறதுக்கும் அதுக்கு யாரும் இல்ல. தெறந்தப்ப... கதவு சந்துல வாய வெச்சினே கெடந்துச்சி."

இருவரும் சேர்ந்து கதவைத் திறந்தார்கள். லேப்டாப் இரவெல்லாம் ஓடியிருந்தது.

நேற்று அவள் வெளியே ஓடிவந்து பூட்டிய நிமிடத்திலிருந்து கோடு வேகவேகமாக ஏறி இறங்கியிருந்தது. ராத்திரியில் சிறுத்தது. விட்டு விட்டு வந்தது.

விடிவதற்குச் சற்று முன்... நின்றுபோயிருந்தது.

இந்த முறை பூட்டியவள் சுபியாதான்.